இருமினால் கசிவது ஏன்? இடுப்புத் தளத் தசைகளை அறிந்துகொள்வோம்

சர்க்கரை நோய்க்கோ மூட்டு வலிக்கோ மருந்து வாங்க வரும் தாய்மார்கள் பலர், எல்லாம் பேசி முடித்து எழுந்து, கதவருகே சென்றபின் திரும்பி நின்று சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இருமும்போது சிறுநீர் கசிகிறது. தும்மினால் புடவை நனைந்துவிடுகிறது. அடியில் ஏதோ இறங்கி நிற்பது போல் இருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டால், கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது திருமணமே ஆகியிருக்கும்.

இத்தனை ஆண்டுகள் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் நாங்கள் கேட்டறிந்திருக்கிறோம். பழைய துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். நெடுந்தூரப் பேருந்தில் ஏறமாட்டார்கள். சித்திரை வெயிலிலும் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் விளைவாகச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வந்து சேரும். "வயதானால் அப்படித்தான்" என்று மாமியாரோ அக்காவோ சொன்னதை நம்பி இருந்துவிடுவோரே மிகுதி.

வயதானால் அப்படித்தான் என்பது சரியன்று. பெரும்பாலோருக்கு இது தசை தளர்ந்ததால் வரும் தொல்லை. தசையைப் பயிற்றுவித்துத் திருத்த இயலும். ஆனால் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பயிற்றுவிக்க இயலாது. ஆகவே இவ்விதழில் உடற்கூற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அடியில்லாத கிண்ணம்

இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கைக்கு அகப்படும் எலும்பிலிருந்து தொடங்குவோம். அது இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக உள்ள இவ்வெலும்புகள், குழந்தைப் பருவத்தில் மும்மூன்று துண்டுகளாக இருந்து பின்னர் ஒன்றிணைந்தவை. முன்புறம், அடிவயிறு முடியும் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அங்கே தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படுவது பூப்பெலும்பு. பின்புறம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி, ஐந்து எலும்புகள் ஒன்றாய் இணைந்து ஆப்பு வடிவில் இவ்விரண்டுக்கும் நடுவே செருகியிருக்கிறது. அதன் நுனியில் இருப்பது வால் எலும்பு. கட்டாந்தரையில் உட்காரும்போது உறுத்துகின்றனவே இரண்டு முனைகள், அவையும் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதிகளே.

இவை எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணம் போல அமைகின்றன. ஆனால் அக்கிண்ணத்துக்கு எலும்பாலான அடிப்பகுதி இல்லை. குழந்தை பிறக்கவும், சிறுநீரும் மலமும் வெளியேறவும் வழி வேண்டுமல்லவா? எலும்பு இல்லாத அந்த அடிப்பகுதியை மூடி நிற்பவைதான் இடுப்புத் தளத் தசைகள்.

மரக்கிளையில் சேலையைக் கட்டிக் குழந்தையைக் கிடத்தும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். சேலையின் ஒரு முனை முன்னே பூப்பெலும்பிலும், மறுமுனை பின்னே வால் எலும்பிலும், ஓரங்கள் இருபுறத்து இடுப்பெலும்புகளிலும் கட்டப்பட்டுள்ளன. அந்தத் தூளியில் முன்னே சிறுநீர்ப்பையும், பெண்களுக்கு நடுவே கருப்பையும், பின்னே மலக்குடலும் அமர்ந்திருக்கின்றன. மேலிருந்து குடலின் பாரமும் சேர்கிறது. தூளியின் முதன்மையான தசையை மருத்துவ நூல்கள் 'லிவேட்டர் ஏனை' என்று அழைக்கும். மலவாயை மேலே தூக்குவது என்பது அதன் பொருள். இத்தனையும் தாங்கும் அத்தசைக்கு ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

அதன் ஒரு பகுதி தனியே குறிப்பிடத்தக்கது. பூப்பெலும்பின் ஒரு பக்கத்தில் புறப்பட்டு, மலக்குடலின் பின்புறமாகச் சுற்றி வந்து, மறுபக்கம் அதே எலும்பில் வந்து சேரும் ஒரு தசைக் கண்ணி அது. கயிற்றைப் போட்டு முன்னுக்கு இழுத்தாற்போல் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் மலம் கீழிறங்குவதில்லை. குந்தி உட்காரும்போது அவ்வளைவு நிமிர்கிறது. மலம் எளிதில் வெளியேறுகிறது. மேற்கத்தியக் கழிப்பறையில் சிரமப்படுவோர் பாதத்தின் கீழ் ஒரு சிறிய முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனாலேயே. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் அறுவை மருத்துவரைக் கேட்ட பிறகே அவ்வாறு செய்ய வேண்டும்.

பெண்களுக்கு யோனிக்கும் மலவாய்க்கும் இடையிலும், ஆண்களுக்கு விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடையிலும் உள்ள சிறு பகுதியில் பல தசைகள் வந்து ஒரு முடிச்சுப்போல் கூடுகின்றன. சுகப்பிரசவத்தின்போது கிழிவதும், சில வேளைகளில் மருத்துவர் வெட்டித் தையல் போடுவதும் இப்பகுதியைத்தான். அந்தத் தையல் சரியாக ஆறுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இத்தசைகளுக்கான நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து, இரண்டு, மூன்று, நான்காம் திரிக நரம்புகளின் வழியாக வருகின்றன. முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கியவர்களிடமும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடமும் சிறுநீர் கழிப்பதைப் பற்றி நாங்கள் விடாமல் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஏரியும் மதகும்

புழலில் வாழ்வோருக்குச் சிறுநீர்ப்பையை விளக்குவது எளிது. நம் ஏரி 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்டது. வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறிக்கொண்டே போகும், மதகு மூடியிருக்கும். திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தால் உபரிநீர் கிராண்ட்லைன், வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குச் சென்று கடலில் கலக்கும். எப்போது திறப்பது என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஏரி முடிவு செய்வதில்லை.

சிறுநீர்ப்பையும் அப்படித்தான். 150 முதல் 200 மில்லி வரை சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். அது ஒரு டம்ளர் அளவு. இயல்பான பை 400 அல்லது 500 மில்லி வரை தாங்கும். அதன் வாயில் உள்ள சுருக்குத் தசைதான் மதகின் கதவு. அந்தக் கதவு எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மதகுக் கதவு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அதன் அடியில் உள்ள கட்டுமானம் தாழ்ந்துவிட்டால் இடுக்கு உண்டாகி நீர் கசியும். உடலில் அந்தக் கட்டுமானம்தான் இடுப்புத் தளம்.

இருமும்போது நடப்பது இதுதான். வயிற்றறையின் அழுத்தம் ஒரு நொடியில் உயர்ந்து சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. உறுதியான தளம் அதே நொடியில் இறுகி, சிறுநீர்க் குழாயைக் கீழிருந்து தாங்கி அழுத்தி மூடிவிடும். தளம் தளர்ந்திருந்தால் குழாயும் சேர்ந்து கீழே இறங்கும், கசிவு உண்டாகும். பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே, ஆண்களுக்கு அது 18 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். இத்தொல்லை பெண்களுக்கு மிகுதியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனின்று வேறான இன்னொரு வகை உண்டு. இருமலோ தும்மலோ இல்லாமல், திடீரென்று அடக்க முடியாத அவசரம் தோன்றி, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் சிறுநீர் போய்விடுவது. இங்கே கதவில் குறையில்லை; பை தானாகவே, வேளை கெட்ட வேளையில், சுருங்குகிறது. சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். சிகிச்சை வேறுபடும் என்பதால் எந்த வகை என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது அவசியம்.

தளம் தளர்வது எதனால்?

முதற்காரணம் பிரசவம். குழந்தையின் தலை வெளிவரும்போது, தளத்தின் நடுப்பகுதித் தசை தன் இயல்பான நீளத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு வரை நீள வேண்டியிருக்கிறது. உடலின் வேறெந்தத் தசையும் இவ்வளவு நீட்டப்பட்டால் கிழிந்தே போகும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இது சில மாதங்களில் தேறிவிடுகிறது. சிலருக்குத் தேறுவதில்லை. ஆயுதப் பிரசவம், பெரிய குழந்தை, பல பிரசவங்கள் ஆகியவை தளர்ச்சியின் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

பிரசவித்த பெண்ணுக்கு வயிற்றில் துணி கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது இதமாக இருக்கலாம். ஆனால் இந்தத் தளத்தை அது எட்டாது. 'பச்சை உடம்பு' என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதையோ நாங்கள் ஏற்கவே முடியாது. தாய்ப்பால் தரும் பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். இறுகிய மலத்துக்காக முக்குவது புதிய தையலையும் தளர்ந்த தசையையும் ஒருசேர வதைக்கும். பாட்டிமார்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

பிரசவத்தால் தளர்ந்த தளத்தின்மேல் மற்றவை வந்து சேர்கின்றன. வடசென்னையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று இடுப்பில் சுமக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் கொள்ளுமென்றால், 15 கிலோ எடை. காசிமேட்டில் மீன் கூடை தூக்குவோரும், செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டையோடு உழைப்போரும் அதைவிடக் கூடுதலாகச் சுமக்கிறார்கள். சுமை தூக்கும் எல்லோருக்கும் இத்தொல்லை வருவதில்லை. சுமைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் இயலாது. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த தளத்துக்கு அது நல்லதன்று. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது இன்னும் கெடுதல். ஓயாத இருமலையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆஸ்துமா, காசநோய்க்குப் பின் தங்கிய இருமல், புகைப்பழக்கம், தூசி நிறைந்த வேலையிடம் என்று எதனால் வந்தாலும், ஒவ்வோர் இருமலும் தளத்தின்மேல் விழும் அடி. கசிவுக்காக வந்தவரை முதலில் நெஞ்சக மருத்துவரிடம் நாங்கள் அனுப்பினால் வியப்படைய வேண்டாம். உடற்பருமனும், மாதவிலக்கு நின்றபின் உடலில் ஏற்படும் மாற்றமும் தம் பங்கைச் செய்கின்றன.

அடியிறக்கம்

தளம் மிகவும் தளரும்போது, அதன்மேல் அமர்ந்துள்ள உறுப்புகள் யோனி வழியாகக் கீழிறங்குகின்றன. கருப்பை மட்டுமே இறங்குகிறது என்று எண்ணுகிறார்கள். சிறுநீர்ப்பையோ மலக்குடலோகூட யோனிச் சுவரைத் தள்ளிக்கொண்டு புடைக்கலாம். காலையில் ஒன்றும் தெரியாது. மாலையில், நின்று வேலை செய்தபின், கனமாக இறங்கி நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடும். இது புற்றுநோய் அன்று. அச்சத்தால் ஒளித்து வைக்க வேண்டியதும் அன்று.

தொடக்க நிலைக்குப் பயிற்சி உதவும். அறுவைச் சிகிச்சை வேண்டாதவர்களுக்கும், இதய நோய் முதலியவற்றால் செய்துகொள்ள இயலாதவர்களுக்கும், 'பெசரி' எனப்படும் வளையத்தை யோனியினுள் பொருத்தி உறுப்புகளைத் தாங்கச் செய்யலாம். அதைக் குறித்த காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டு மறந்துபோனால் புண்ணாகும். அறுவைச் சிகிச்சை என்றாலே கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இளவயதிலேயே அடியிறக்கம் வந்து, இன்னும் பிள்ளை பெற விரும்பிய பெண்களுக்காகக் கருப்பையை அகற்றாமல் பட்டையால் தாங்கிக் கட்டும் முறைகளைச் சென்ற நூற்றாண்டிலேயே பம்பாய் மருத்துவர்களான ஷிரோத்கரும் புரந்தரேயும் உருவாக்கினார்கள். அவர்கள் பெயரால் அம்முறைகள் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. வடசென்னை மக்களுக்கு இராயபுரத்தில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. தொலைவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

ஆண்களுக்கும் உண்டு

இப்பகுதியைப் புரட்டிவிட்டுப் போகும் ஆண்களுக்கு ஒரு சொல். உங்களுக்கும் இதே தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, பெருநெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. புற்றுநோய்க்காக அதை அகற்றினால், சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு அது தந்த துணையும் போய்விடும்; எஞ்சிய சுருக்குத் தசையும் இடுப்புத் தளமும்தான் வேலையை ஏற்க வேண்டும். குழாயை எடுத்த பின் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், கசிவது எதிர்பார்க்கத்தக்கதே. அறுவைக்கு முன்பே பயிற்சியைக் கற்றுக்கொண்டால் பின்னர் எளிதாகும். குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் மட்டும் பயிற்சி செய்யக்கூடாது.

பயிற்சி செய்யும் முறை

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இப்பயிற்சியை மருத்துவ உலகுக்கு எழுதினார். அவர் பெயராலேயே இது கெகல் பயிற்சி எனப்படுகிறது. இதே தசைகளை உள்ளிழுக்கும் மூலபந்தத்தை ஹட யோக நூல்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே விவரித்தன, நோக்கம் வேறாக இருந்தாலும். யார் முதலில் என்ற வழக்கை நாங்கள் தீர்க்கப் போவதில்லை. சரியாகச் செய்கிறீர்களா என்பதே எங்கள் கவலை. ஏனெனில் கணிசமானோர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். அது நோயை வளர்க்கும்.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். பலர் நடுவே காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை நிறுத்துவது போலவும் உட்புறமாக இறுக்கி மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை தளர்வாகவே இருக்க வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது, அடக்குகிறோமோ என்ற ஐயம் இருந்தால் வாய்விட்டு எண்ணுங்கள். சரியாகச் செய்தால், ஆண்களுக்கு விதைப்பை சற்று மேலெழும். பெண்கள் கைக்கண்ணாடியில் பார்த்தால் யோனிக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே போவது தெரியும்.

தொடக்கத்தில் மூன்று நொடிகள் பிடித்தாலே போதும். பிடித்த நேரம் அளவுக்கேனும் முழுமையாகத் தளர விடுங்கள். இவ்வாறு எட்டு முறை. நாளுக்கு மூன்று வேளை. வாரங்கள் செல்லச் செல்லப் பத்து நொடிகள் வரை கூட்டிக்கொள்ளலாம். இதனோடு, பிடித்து வைக்காமல் சட்டென இறுக்கிச் சட்டென விடும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இருமலின்போது உதவுவது இந்த வேகம்தான். பின்னர் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும். மூன்றாவது வாரத்தில் கைவிடுவோர்தான் எங்களிடம் 'பயனில்லை' என்று சொல்பவர்களில் மிகுதி.

இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், குடத்தைத் தூக்கும் முன்பும், தளத்தை இறுக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே பலருக்குக் கசிவு குறைகிறது.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகக் கொள்ளாதீர்கள்; பை முழுமையாகக் காலியாகாமல் போகக்கூடும். மேலும், எல்லோருக்கும் இப்பயிற்சி பொருந்தாது. சிலருக்குத் தசை தளர்ந்திருப்பதில்லை. எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், மலம் கழித்தும் முழுமையடையாத உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை. ஆகையால் ஒருமுறையேனும் மருத்துவரிடமோ பிசியோதெரபி நிபுணரிடமோ காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

அம்மா வெளியே வர மறுக்கிறார், கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார் என்றால், மூட்டுவலி மட்டும்தான் காரணமா என்று மென்மையாகக் கேளுங்கள். மருமகளிடமோ மகனிடமோ சொல்லாததைச் செவிலியரிடம் சொல்வார்கள். தனியே பேச வாய்ப்புக் கொடுங்கள். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடியிருப்புகளில் முதியவர்களுக்கு இரவில் படுக்கையருகே ஒரு கமோடு நாற்காலி இருந்தால், அவசரத்தில் ஓடி விழுந்து இடுப்பு முறிவது தவிரும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், மாலை ஆறு மணிக்குப் பின் சற்றுக் குறைத்து, பகலில் ஈடு செய்யுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். டயாப்பர் தேவைப்படும்போது அதில் இழிவில்லை. ஆனால் பரிசோதனைக்கு அது மாற்று அன்று.

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அறவே பிரியாத நிலை, காய்ச்சலோடு கூடிய எரிச்சல், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் முறைநாளுக்காகக் காத்திராமல் வந்துவிடுங்கள். முதுகுவலியோடு, உட்காரும் பகுதி மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழந்தால் அன்றே, அந்த மணியே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், நரம்பு நசுங்கியிருக்கலாம்.

மற்றவர்கள் வரும்முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். மூன்று நாட்களுக்கு, என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், அளவு எவ்வளவு, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அளப்பதற்குப் பழைய அளவுக் குவளை ஒன்று போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் உதவலாம். அந்தத் தாளைப் பார்த்தாலே எந்த வகைக் கசிவு என்பதைப் பெரும்பாலும் எங்களால் கணிக்க முடியும். பிறகு எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவு செய்வோம்.